கறுப்பு ஒயர்

கல்லறைத் திருநாளுக்கு மறுநாள்
போட்டில் ஐஸ் ஏற்றப் போகுமுன்
பானெட்டைத் திறந்து காட்டினார்.
"இந்தக் கறுப்பு ஒயரைக் களத்திப் போடு.
கிறிஸ்மஸுக்கு வந்து நான் மாட்டிக்கிடுவேன்.
இல்லெங்கி வாரம் ஒருக்கா சாவியைத் திருப்பி
பத்து நிமிஷம் உறும விடு.
வேற ஒண்ணும் தொடாண்டாம், கேட்டியா?"
பத்தாம் நம்பர் ஸ்பானரைப் பிரிட்ஜின் மேல் வைத்தார்.
மீட்டரில் ஓடியிருந்த கிலோமீட்டரை
காலண்டரின் நவம்பர் தாளில்
ஓரமாகக் குறித்தார்: 61,408.
எதற்கென்று நான் கேட்கவில்லை.

கழற்றத்தான் போனேன்.
கழற்றினால் வண்டிக்குள் இருக்கும் கடிகாரம்
ஒரு மணிக்குப் போய்விடும் என்றாள்
எதிர்வீட்டு ஷாலட்.
பெரிய காரியமில்லை, பிறகு திருத்திக்கொள்ளலாம்.
ஆனாலும் ஆள் கடலில் இருக்கும்போது
வீட்டு வாசலில் ஒரு கடிகாரம்
தப்பு நேரம் காட்டிக்கொண்டு கிடப்பது
எனக்குப் பிடிக்கவில்லை.
ஸ்பானர் பிரிட்ஜின் மேலேயே இருந்தது.

ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து
தலையில் போட்ட முந்தியை இறக்காமலே
டிரைவர் சீட்டில் உட்காருவேன்.
சாவி. இருமல். உறுமல்.
பத்து நிமிஷத்துக்கு ஒரு ஜெபமாலை முடியாது,
மூன்றாம் காரணிக்கத்தில் அணைத்துவிடுவேன்.
முதல் வாரம் சரி. இரண்டாம் வாரம் சரி.
மூன்றாம் வாரம், விடாத மழையில்,
டிக் டிக் டிக் என்றது
சுவரில் ஒட்டிய பல்லியைப் போல.

நித்திரவிளையிலிருந்து விஜின் வந்தான்,
ஸ்கூட்டரில் கால்களுக்கு நடுவே
வேறொரு பேட்டரியை இடுக்கிக்கொண்டு.
எங்கள் பேட்டரியின் முனைகளில்
கடற்காற்று பச்சையாகப் பூத்திருந்தது.
ஆப்பச்சோடாவைத் தூவி வெந்நீர் ஊற்றினான்,
நுரைத்து வழிந்தது.
துடைத்து வாசலின் தடவி
சிவப்பில் சிவப்பைக் கடிக்கவிட்டான்,
கறுப்பை எஞ்சின் இரும்பில்.
உயிர் வந்தது.
"அக்கா, நின்ன எடத்துல பத்து நிமிஷம் உறுமினா
ஸ்டார்ட் பண்ண எடுத்ததக்கூட
திருப்பித் தராது பாத்துக்கிடுங்க.
அரை மணிக்கூர் ரோட்டுல ஓடணும். அப்பத்தான் ஏறும்."
"ஆரு ஓட்ட?" என்றேன்.
அவன் கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

அவர் போட்டில் நாலு பேட்டரி.
விளக்குக்கு ரெண்டு, ஒயர்லெஸ்ஸுக்கு ஒன்று,
எதற்கும் இருக்கட்டும் என்று ஒன்று.
அவை ஒருபோதும் இறங்குவதில்லையாம்,
போட்டு ஓடிக்கொண்டே இருப்பதால்.
எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்,
இப்போதுதான் காதில் விழுந்தது.

முதலில் தென்னை வரைக்கும்.
பிறகு பின்னால், வலைக்குவியல் வரைக்கும்.
முன்னுக்கு ஏழு அடி, பின்னுக்கு ஏழு அடி,
பிள்ளைகள் மதிலில் ஏறி எண்ணினார்கள்.
ஒரு தடவை வலைக்குவியல் மேலேயே ஏறிவிட்டேன்,
டயரில் சுற்றிய நைலானை அறுத்தெடுக்க
ஷாலட் கறிக்கத்தியோடு ஓடி வந்தாள்.
மார்த்தாண்டம் போய் எல்.எல்.ஆர். போட்டேன்.
போட்டோவில் கண் மூடியிருக்கிறேன்.
டிரைவிங் ஸ்கூல்காரி பெல்சி
பக்கத்தில் உட்கார்ந்து பிரேக்கை விடு என்பாள்,
நான் மூச்சை விடுவேன்.

நித்திரவிளைக்கு ரொட்டி வாங்க.
கொல்லங்கோட்டுக்கு ஒன்றும் வாங்காமல்.
புதுக்கடைக்கு, வைப்பர் போட்டு,
முன்னால் போன மரச்சீனி லாரியின்
பின்விளக்கையே பார்த்துக்கொண்டு.
டிசம்பர் ஒன்றாம் தேதி
நவம்பர் தாளைக் கிழித்தேன்.
கிழிக்கத்தானே வேண்டும்.

திருவருகைக்கால மூன்றாம் மெழுகுதிரி ஏற்றிய வாரம்
கணபதியான்கடவுப் பாலத்து ஏற்றத்தில்
கிளட்சை வெடுக்கென விட்டு, வண்டி அணைந்துபோனது.
பெல்சி நெற்றியில் சிலுவை போட்டாள்.
அதே நேரம் போன்.
நாற்பது நாளுக்குப் பிறகு
ரேஞ்சு கிடைத்த முதல் இடத்திலிருந்து அவர்.
"பெமிலா, நாளைக்கு விடியக்காலம் கரைக்கு அடுப்போம்.
வண்டி கெடக்குதா?"
"கெடக்குது."
"ஒயரைக் களத்தினியா?"
"இல்ல."
பின்னால் கருங்கல் பஸ்
நீளமாக ஹார்ன் அடித்தது.
சாவியைத் திருப்பினேன், ஒரே இழுப்பில் பிடித்தது.
"அது என்ன சத்தம்?" என்றார்.
"பேட்டரிதான்," என்றேன்,
"சார்ஜ் ஏறுது."